ரூ.1,499-க்குப் பாய்மரக் கப்பலா? வெளிநாட்டு மலிவுக் கிட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாதி கட்டிய மரக் கப்பல் ஒன்று எப்போதும் கிடக்கும். வருகிறவர்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு போனை நீட்டி, "அண்ணே, இது வாங்கலாமா?" என்பார்கள். போனில் பெரும்பாலும் ஒரே படம்தான்: மூன்று பாய்மரம், வரிசையாகப் பீரங்கி, மேலே சிவப்பில் 85% தள்ளுபடி, விலை ரூ.1,499. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேட்ட கேள்விகளை எல்லாம் இங்கே போட்டு வைக்கிறேன். என் பொழுதுபோக்கு மரக் கப்பல் கிட், அதாவது பெட்டியில் வரும் பலகைத் துண்டுகளை ஒட்டிக் கட்டும் மாடல் கப்பல். ஆகவே கணக்கும் கதையும் அதிலிருந்தே வரும்.

விலை மலிவாக இருந்தாலே போலி என்று ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்க வேண்டாம். ஒற்றைப் பாய்மரம் உள்ள சின்னப் படகு, ஒரு முழ நீளம், லேசரில் வெட்டிய பிளைவுட், கொஞ்சம் நூல். இதை இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு ஒருவன் விற்றால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. முதல்முறை கட்டுகிறவருக்கு அதுதான் நல்லதும்கூட.

தருகிறேன் என்று சொல்வதற்கும் கேட்கிற காசுக்கும் பொருத்தம் இல்லாதபோதுதான் யோசிக்க வேண்டும். மீன் ஏலக்கூடத்தில் ஒருவன் விலை கூடிய சீலாவை மலிவான சாளை விலைக்குத் தருகிறேன் என்றால் நாம் என்ன செய்வோம்? செவுளைத் தூக்கிப் பார்ப்போம். ஆன்லைனில் செவுளைத் தூக்க முடியாது என்று நினைக்கிறோம். முடியும். அதற்கு வேண்டியது ஒரு கால்குலேட்டர் மட்டும்தான்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது?

நீளத்தை. எல்லாக் கிட்டிலும் ஒரு விகிதம் போட்டிருப்பார்கள்: 1:48, 1:72, 1:100 என்று. 1:72 என்றால் அசல் கப்பலில் 72 சென்டிமீட்டர் இருப்பது மாடலில் 1 சென்டிமீட்டர். இணையத்தில் அசல் கப்பலின் நீளத்தைத் தேடி, விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். பாதிப் பொய் அங்கேயே விழுந்துவிடும்.

அதிகம் விற்கப்படும் பெயர் எச்.எம்.எஸ். விக்டரி. 1765-ல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், 104 பீரங்கி, இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் உலர்துறையில் நிற்கிறது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தையும் சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 69 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 96 சென்டிமீட்டர். அதாவது 1:72 விக்டரி என்றால் முடிந்தபின் அது உங்கள் டிவி ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். போன மாதம் ஒரு தம்பி காட்டிய விளம்பரத்தில் 1:72 என்று கொட்டை எழுத்தில் இருந்தது, கீழே பொடி எழுத்தில் நீளம் 40 செ.மீ. நாற்பதை எழுபத்திரண்டால் பெருக்கினால் 28.8 மீட்டர் வரும். நம் விசைப்படகைவிடக் கொஞ்சம் நீளம். அதில் 104 பீரங்கியை எங்கே வைப்பது?

இன்னொன்று கட்டி சார்க். 1869-ல் கட்டிய தேயிலைக் கப்பல், லண்டன் கிரீனிச்சில் இருக்கிறது. உடல் மட்டும் சுமார் 65 மீட்டர். 1:100-ல் உடல் 65 சென்டிமீட்டர், முன்கம்பத்தோடு 85 வரும். இந்த இரண்டு கப்பல் கணக்கை மட்டும் மனதில் வைத்திருந்தாலே போதும், பாதி விளம்பரங்களைக் கடந்துவிடலாம்.

விகிதமே போடாத பட்டியலை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

நீளம் சரியாக வருகிறது. வாங்கிவிடலாமா?

அவசரம் வேண்டாம், எடையைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கப்பலுக்கு இரண்டு அடுக்குப் பலகை, நூற்றுக்கணக்கான உலோகச் சாமான், கட்டுக்கட்டாக மரக்குச்சி எல்லாம் வேண்டும். பெட்டி பல கிலோ கனக்கும். பட்டியலின் அடியில் பேக்கேஜ் எடை 0.35 கிலோ என்று இருந்தால், வருவது கப்பல் இல்லை. படத்தை மாற்றத் தெரிந்தவர்கள் எடையை மாற்ற மறந்துவிடுவார்கள். காரணம் எளிது: தபால் செலவு எடையைப் பொறுத்தது, அங்கே பொய் எழுதினால் அவர்கள் கணக்கே உதைக்கும்.

இதே இடத்தில் அடுத்த கணக்கையும் போடலாம். பல கிலோ பெட்டியை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் அனுப்ப எவ்வளவு ஆகும்? நம் தபால் நிலையத்தில் எதிர்த் திசைக்குக் கேட்டுப் பாருங்கள், ஆயிரங்களில் சொல்வார்கள். அப்படியிருக்க, ரூ.1,499-க்குக் கப்பலும் கொடுத்து, டெலிவரியும் இலவசம் என்றால், மரம் அவனுக்கு வானத்திலிருந்து விழுந்ததா?

மூன்றாவது, சாமான் பட்டியல். நல்ல கிட்டில் பலகையின் மரம், கனம், எண்ணிக்கை வரை எழுதியிருக்கும்: முதல் அடுக்கு 1.5 மி.மீ. பாஸ்வுட், இரண்டாம் அடுக்கு 0.5 மி.மீ. வால்நட் என்று. மோசமான பட்டியலில் 'உயர்தர மரம்' என்று இரண்டே சொல் இருக்கும். பெயின்ட், தின்னர், பசை எல்லாம் கிட்டோடு விமானத் தபாலில் வரும் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். தீப்பற்றும் திரவங்களைச் சர்வதேசத் தபாலில் அனுப்ப அனுமதி கிடையாது.

படத்தில் அவ்வளவு அழகாக இருக்கிறதே?

படத்தில் இருப்பது யாரோ ஒருவர் இரண்டு வருஷம் உட்கார்ந்து கட்டிய மாடல். சில சமயம் அருங்காட்சியகத்தில் இருப்பது. கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைப் போட்டுத் தேடினால், அதே படம் பத்து கடையில், பத்து விலையில் கிடைக்கும். தேடிக்கொண்டே போனால் கடைசியில் கட்டியவரின் சொந்தப் பக்கம் வரும்.

நான் தேடுவது வேறு படம்: பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தாள்தாளான பலகையையும் வரைபடத்தையும் பரப்பி வைத்து எடுத்த படம். முடிந்த கப்பலைப் பதினைந்து கோணத்தில் காட்டிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு படம்கூடப் போடாத கடை எதையோ மறைக்கிறது. மதிப்புரைகளிலும் இதே சங்கதிதான். 'சூப்பர், வேகமாக வந்தது' என்று எழுதியவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஐந்து மாதம் கழித்து, 'பன்னிரண்டாவது வங்கு (கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டம்) பொருந்தவில்லை' என்று திட்டி எழுதியவர்தான் கட்டியவர். அவர் பேச்சைக் கேளுங்கள்.

நகல் கிட் என்கிறார்களே, அது என்ன? பொருள் வந்தால் போதாதா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் பல வருஷமாகக் கப்பல் கிட் செய்யும் நிறுவனங்கள் உண்டு. அமாத்தி, ஆக்ரே, மாடல் ஷிப்வேஸ் போன்ற பெயர்கள். ஒரு கிட்டுக்கு ஒரு ஆள் பழைய வரைபடங்களைத் தேடி, அளவெடுத்து, மாதிரி ஒன்று கட்டி, தப்பு கண்டு, திரும்ப வரைந்து, பிறகுதான் பெட்டியில் போடுவார்கள். பெரிய விக்டரி கிட் பல நூறு டாலர் ஆவதற்கு மரத்தின் விலை மட்டும் காரணமல்ல.

நகல்காரர் அந்தப் பெட்டியில் ஒன்றை வாங்குவார். பலகைத் தாள்களை ஸ்கேன் செய்வார். லேசரில் வெட்டுவார். வரைபடத்தை ஏ4 தாளுக்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுப்பார், அல்லது ஒரு சிடியில் போட்டுக் கொடுப்பார். சுருக்கிய வரைபடத்தின் மேல் மரத்தை வைத்து அளக்க முடியாது என்பது அவருக்குக் கவலையில்லை, அவர் கட்டப்போவதில்லை.

உண்மையான வில்லங்கம் மரத்தின் கனத்தில் இருக்கிறது. அசலில் 5 மி.மீ. பிளைவுட்டுக்காக வரைந்த காடியை, அதாவது பலகை செருகும் வெட்டை, நகல்காரர் தன்னிடம் கிடந்த 4 மி.மீ. பிளைவுட்டில் வெட்டுவார். காடி 5, செருகும் பலகை 4. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம். கேட்டால் அற்பமாகத் தெரியும்.

எனக்கு இது தெரிந்த விதம்: அப்படி ஒரு நகலை, நகல் என்று தெரியாமல், பழைய சரக்காக மதுரையில் ஒருவரிடம் வாங்கினேன். கப்பலின் முதுகெலும்பான நடு ஏராவில் வங்குகளை எல்லாம் செருகிவிட்டுப் பெருமையோடு பாம்பனுக்கு எடுத்துப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஓடாவி ஒருவர் இருக்கிறார், நாற்பது வருஷமாக நாட்டுப்படகு கட்டுகிறவர். அணியத்தின் (முன்முனையின்) பக்கம் முகத்தைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கம் வரை பார்த்தார். பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"தம்பி, ஏரா பாம்பு கணக்கா நெளியுது. வங்கு ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேக்க பாக்குது. இதுல பலகை வச்சா எப்படி உக்காரும்?"

பிறகு விரலால் ஒரு வங்கை ஆட்டினார். அது பல் ஆடுவதுபோல ஆடியது. "இதை வரைஞ்சது யாரு?" என்று கேட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கப்பல் பெயர் இருந்தது, படம் இருந்தது. வரைந்தவர் பெயரும் இல்லை, செய்த கம்பெனி பெயரும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கிட்டைப் பார்த்தாலும் நான் தேடுவது அந்தப் பெயரைத்தான். யார் வரைந்தது, எந்தப் பழைய வரைபடத்தை வைத்து வரைந்தது என்று ஒரு வரி இருந்தால், காடியும் பலகையும் பொருந்தும் என்று ஓரளவு நம்பலாம்.

'பெட்டி இல்லாமல் வரும்' என்ற பட்டியலும் இதே சாதிதான். பெட்டி போனால் பெயர் போயிற்று.

அப்படியானால் சீனச் சரக்கு என்றாலே தள்ளிவிட வேண்டுமா?

கூடாது. சொந்தமாக வரைந்து, சொந்தப் பெயர் போட்டு, அருமையான மரத்தில் கிட் செய்கிற சிறு பட்டறைகள் அங்கேயும் இருக்கின்றன. அவை மலிவாக இருக்காது. திருட்டு நகல் போடுகிறவன் அவர்கள் கிட்டையும்தான் நகல் போடுகிறான்.

நீங்கள் ஏமாந்ததே இல்லையா?

ஏமாந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பேச்சு. சில வருஷம் முன்னால் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் ரூ.2,350 கட்டினேன். ஒன்றரை மாதம் கழித்து ராமநாதபுரத்திலிருந்து கூரியர் பையன் போன் செய்தான், இந்தப் பக்கம் வண்டி வராது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. பஸ்ஸில் போய் வாங்கினேன். செருப்பு டப்பா அளவு. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் பஸ் உச்சிப்புளி தாண்டும்வரை பிரிக்கவில்லை. உள்ளே குழந்தைகள் அமுக்கி எடுத்துச் செருகும் அட்டை மாதிரி இரண்டு தாள் பிளைவுட், ஒரு பாய்மரப் படகுப் புதிர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். கடைக்கு எழுதினேன். உடனே பதில், மிகவும் மரியாதையாக: பொருளை வைத்துக்கொள்ளுங்கள், 10% திருப்பித் தருகிறோம். மாட்டேன் என்றேன். நான்கு நாள் கழித்து 15%. பிறகு 20%. பிறகு, 'திருப்பி அனுப்புங்கள், அனுப்பும் செலவு உங்களுடையது' என்றார்கள். அந்தச் செலவு கிட்டின் விலையைத் தாண்டும். இப்படி இழுத்து இழுத்து, கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதியும் கெடு முடிந்துவிட்டது. முடிந்த மறுநாளிலிருந்து பதிலே இல்லை. ஆக, பேரம் பேசிக்கொண்டே இருக்கும் கடையிடம் ஒரு வாரத்துக்குமேல் பேசாதீர்கள். நேரே வங்கிக்குப் போங்கள்.

கார்டில் கட்டினால் பணம் திரும்ப வருமா?

வர வாய்ப்பு உண்டு. பொருள் வரவில்லை, அல்லது சொன்னதற்கும் வந்ததற்கும் சம்பந்தமில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதியலாம். கெடு பொதுவாக 120 நாள் வரை, ஆனால் வங்கியைப் பொறுத்து மாறும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். பேபால் வழியாகக் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாள். ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பட்டியலை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்: நீளம், விகிதம், எடை, படம். பிறகு போய்ப் பார்த்தால் பக்கமே இருக்காது. பிரிக்கும்போது வீடியோ எடுப்பதும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே கார்டில் பணம் எடுத்துவிடலாம். ஆகவே வங்கிச் செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையை எப்போதும் அணைத்து வையுங்கள். வாங்கும் அன்று மட்டும் திறந்து, வரம்பைக் கிட்டின் விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து, வாங்கியதும் மூடுங்கள். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 2 முதல் 3.5 விழுக்காடு வரை பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டி தனி.

வெளிநாட்டுக் கடை என்று சொல்லிவிட்டு, தனி ஆள் பெயரில் யுபிஐ ஐடி கொடுத்தால், பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் பயமில்லையே?

அதிலும் பயம்தான். பொருளைப் பிரிக்காமல் டெலிவரி பையனிடம் காசு கொடுக்கிறோம். காசு வாங்கிய பின் அவருக்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. தவிர, வெளிநாட்டுக் கடை உங்கள் வாசலில் ரொக்கம் வாங்குவதாகச் சொன்னால், பெரும்பாலும் பெட்டி வெளிநாட்டிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். உள்ளூர்க் கிடங்கில் கிடக்கும் குப்பைக்கு வெளிநாட்டுப் படம். இன்ஸ்டா, ஃபேஸ்புக் விளம்பரத்தில் வருவதில் நான் பார்த்தவரை இதுதான் அதிகம்.

கஸ்டம்ஸ் வரி எவ்வளவு வரும்? கடைக்காரர் 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்புகிறேன் என்கிறாரே?

சுங்கப் பட்டியலில் மாடல் கிட்டுகள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன: 9503. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. தனிநபர் பெயரில் தபாலில் வருவதை அதிகாரி வேறு தலைப்பிலும் மதிப்பிடலாம். மேலே ஜிஎஸ்டி. பட்ஜெட்தோறும் இவை மாறும் என்பதால் நான் ஒரு முரட்டுக் கணக்கு வைத்திருக்கிறேன்: கிட் விலைக்குச் சமமான தொகையைத் தனியே எடுத்து வைப்பது. மிச்சமானால் பலகை வாங்கலாம்.

'கிஃப்ட்' விஷயம்: முன்பு ரூ.5,000 வரை அன்பளிப்புக்கு வரிவிலக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தி ஆன்லைன் கடைகள் எல்லாச் சரக்கையும் அன்பளிப்பு என்று அனுப்பவே, 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. இப்போது கிஃப்ட் என்று எழுதினாலும் வரி உண்டு. விலையை ஐந்து டாலர் என்று குறைத்து எழுதினால் பிடிபடுவது நீங்கள். பெட்டி தொலைந்தால் இழப்பீடும் அந்த ஐந்து டாலருக்குத்தான். இதை அவரே ஆசை காட்டிச் சொல்கிறார் என்றால் அவருடைய நேர்மையை அங்கேயே அளந்துகொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

டிராக்கிங் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மையா என்று எப்படித் தெரியும்?

சர்வதேசத் தபால் எண்ணுக்கு உலகம் முழுக்க ஒரே வடிவம். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஆக மொத்தம் 13. அதை இந்திய அஞ்சல் துறையின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். கடை கொடுக்கும் லிங்க்கில் பார்த்துப் பயனில்லை, அது அவர்களே செய்த பக்கமாக இருக்கலாம். தனியார் கூரியர் எண்கள் வேறு மாதிரி இருக்கும். அதையும் அந்தக் கூரியரின் தளத்திலேயே தேடுங்கள்.

'முகவரி முழுமையாக இல்லை, ரூ.25 கட்டுங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் அழித்துவிடுங்கள்.

கஸ்டம்ஸ் அதிகாரி என்று சொல்லி ஒருவர் போன் செய்தார். என் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறதாம்.

வையுங்கள் போனை. வெளிநாட்டிலிருந்து ஏதாவது ஆர்டர் போட்டிருக்கிறவர்களுக்கு இந்தப் போன் வந்தால் ஒரு நொடி நெஞ்சு அடைத்துவிடும், அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறான். அடுத்து வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவன் வருவான், 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்பான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. எந்தச் சுங்க அதிகாரியும் வாட்ஸ்அப்பில் வரி வசூலிப்பதில்லை. தபாலில் வரும் பார்சலுக்கான வரியைத் தபால்காரரிடம் ரசீதோடு கட்டலாம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

துபாயில் மச்சான் இருக்கிறார். அவரிடம் சொல்லி வாங்கி வரலாமா?

கீழக்கரைக்காரர்களின் முதல் கேள்வி இதுதான். நல்ல வழி. அங்கே உள்ள கடையில் நேரில் பார்த்து, பெட்டியைத் திறந்து பார்த்து, பில்லோடு வாங்கலாம். பயணிகள் கொண்டுவரும் பொருளுக்குத் தீர்வை விலக்கு வரம்பு இருக்கிறது, பில் இருந்தால் விமான நிலையத்தில் பேச்சு சுலபம். ஆனால் மச்சானிடம் நீளமும் எடையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய கப்பல் பெட்டி ஒன்று, மாமிக்கு வாங்கிய சாமான்களை எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே தள்ளிவிடும். வீட்டில் அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும்.

ட்ரோன் கிட்டும் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். ட்ரோனை முழுதாகவோ, பிரித்த கிட்டாகவோ இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு தடை செய்துவிட்டது. தனி உதிரிபாகங்களுக்கு மட்டும் தடையில்லை. அதோடு, நாம் இருக்கும் இடம் அப்படி. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம், எதிரே சர்வதேசக் கடல் எல்லை. பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ரிமோட் படகு கிட் என்றால் கடலில் விடாதீர்கள். மலிவு மோட்டார் உப்புத்தண்ணீரில் ஒரு வாரம் தாங்காது. ஊருணியில் விடுங்கள்.

ரெசினில் நிஜக் கடற்குதிரை வைத்துச் செய்யும் கிட் ஒன்று பார்த்தேன்...

தொடவே தொடாதீர்கள். கடற்குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது, பவளப்பாறையும் பாதுகாக்கப்பட்டதே. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு எதிரில் குடியிருந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்துக் கடற்குதிரை வரவழைத்து வழக்கில் மாட்டினால், ஊர் சிரிக்கும்.

தெரியாமல் வாங்கிவிட்டேன். மட்டமான கிட். குப்பையில் போடவா?

அதில் கொஞ்சம் தேறும். நகல் கிட்டாக இருந்தால் முதலில் ஆட்டத்தைச் சரிசெய்யுங்கள். பாம்பன் ஓடாவி எனக்குச் செய்து காட்டியது இது: காடிக்கும் பலகைக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றாகக் கிழித்துச் செருகி, ஃபெவிக்கால் விட்டு, மூலைமட்டம் வைத்து நிமிர்த்தினார். பத்திரிகை அட்டை அளவான கனம், சீக்கிரம் நசுங்காது. பதினெட்டு வங்குக்கு இரண்டு கல்யாணம் செலவானது.

லேசர் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும். அதன்மேல் பசை சரியாகப் பிடிக்காது, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். நம் கடற்கரைக் காற்றில் மெல்லிய பலகை முறுக்கிக்கொள்ளும். பெட்டி வந்த அன்றே பிரித்து, தாள்களைத் தட்டையாக அடுக்கி, மேலே கனம் வைத்து, இரண்டு வாரம் வீட்டுக்குள் பழக விடுங்கள். இன்ஸ்டன்ட் பசை ஈரத்தில்தான் இறுகும் என்பதால் இங்கே கண்ணிமைப்பதற்குள் பிடித்துவிடும். குப்பியும் சீக்கிரம் கட்டியாகிவிடும், சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

முழுக்க ஏமாற்று என்றால் நூலையும் கப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கிட்டுக்கே காசில்லை. ஆரம்பிக்க வழி உண்டா?

உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பழைய கப்பல்கள் சிலவற்றை அளந்து வரைந்த வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சி.ஏ. தாயர் என்ற மூன்று பாய்மர மரக்கப்பல் அவற்றில் ஒன்று. உள்ளூர் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்சடித்துக்கொள்ளலாம்.

அதுவும் வேண்டாம் என்றால், கரைக்கே போங்கள். விசைப்படகில் போகும் என் நண்பன் ஒருவன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் சும்மா இருக்க முடியாமல், போன வருஷம் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். கிட் எதுவும் வாங்கவில்லை. தன் சித்தப்பாவின் வத்தையை, அதாவது சின்ன நாட்டுப்படகை, டேப் வைத்து அளந்து, இருபதால் வகுத்து நோட்டில் எழுதினான். பழப்பெட்டிப் பலகை, ஓடாவி வீட்டுச் சீவல், கிழிந்த வேட்டியில் பாய். செலவு ரூ.180, அதில் பாதி உப்புத்தாள்.

முடிந்ததும் பாம்பனுக்கு எடுத்துப் போனோம். ஓடாவி வழக்கம்போல ஒரு கண்ணை மூடி, அணியத்திலிருந்து பார்த்தார். சுக்கானை விரலால் தட்டினார். பிறகு படகை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வத்தையை நான்தானடா கட்டுனேன், இடது பக்கம் மூணாவது பலகையில ஒரு ஒட்டு இருக்கும், அதைப் போடலையே நீ" என்றார்.